உப்புச் சிவப்பு

இந்தக் காலத்து ஜனங்கள் கண்ணைப் பார்ப்பதில்லை, கண்ணில் ஒட்டியிருப்பதைப் பார்க்கிறார்கள். நசாரியோவுக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. பஸ் நிற்கும் இடத்தில் பெண்கள் இமையில் விளக்குமாற்றைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தோர்த்தியா ரொட்டி சுடுகிற கடைக்காரன் ஒருநாள் பச்சைக் கண்ணோடு வந்து நின்றான். அவன் அப்பனுக்குக் கறுப்பு, பாட்டனுக்குக் கறுப்பு, இவனுக்கு மட்டும் எங்கிருந்தோ பச்சை. கேட்டால் லென்ஸ் என்கிறான். சரி, அது அவரவர் பாடு. ஆனால் இப்படிப் பொய்க் கண்ணோடு திரிகிற கூட்டம், ஒரு கிழவனின் நிஜக் கண்ணைப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறதே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"காலங்காத்தாலயே ஏத்தியாச்சா, பெருசு?" என்பான் பஸ் ஓட்டுகிறவன்.

"உங்கப்பன்தான் ஊத்திக் குடுத்தான். அவன்கிட்டயே கேளு."

நசாரியோ குடித்ததே இல்லை. பக்தியால் அல்ல, சந்தேகத்தால். எவன் எதில் என்னத்தைக் கலந்து வைத்திருக்கிறானோ என்று இளவயதிலேயே புட்டியை மோந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தவர். அவர் கண் சிவந்திருப்பது உப்பால். யுகத்தான் தீபகற்பத்தின் கடலோரத்து உப்பளத்தில், ரோஜாப்பூ நிறத் தண்ணீர் நிற்கும் பாத்திகளில், வாருபலகையைப் பிடித்து இழுத்தே வயதானவர். மேலே வெயில், கீழே உப்பு, இரண்டுக்கும் நடுவே கண். வலது கண்ணில் மூக்கோரமாக ஒரு சதை முளைத்து, ஈ சிறகு விரித்த மாதிரி கருவிழியைப் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தது. சுகாதார நிலையத்து நர்ஸ் தொப்பி போடு, கறுப்புக் கண்ணாடி போடு, சதை கருவிழிக்குள் ஏறினால் நகரத்துக்குப் போய்க் காட்டு என்று சொன்னாள். கண்ணை மறைக்கிறவன் எதையோ மறைக்கிறான் என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து வந்துவிட்டார்.

உப்பளத்து ஊர்களில் சனிக்கிழமை கண் பார்க்கும் நாள். கூலி வாங்கிக்கொண்டு ஆண்கள் திரும்பும் நேரத்துக்குப் பெண்கள் வாசலில் வந்து நின்றுகொள்வார்கள். வாயை ஊதச் சொல்வதில்லை. புளிப்பு ஆரஞ்சுத் தோலை மென்றால் வாய் பொய் சொல்லிவிடும். கண்ணைத்தான் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு வழிவிடுவார்கள், அல்லது கதவுக்குக் குறுக்கே கை வரும். உப்பளத்து வீட்டுப் பெண்களுக்குச் சிவப்பிலும் வித்தியாசம் தெரியும். உப்புச் சிவப்பு மூக்கோரத்தில் தொடங்கி அங்கேயே நிற்கும். குடிச் சிவப்பு விழி முழுக்கக் கொடி விட்டிருக்கும். ஆனால் எல்லா வீடும் உப்பளத்து வீடு இல்லையே.

எர்மிலாவின் அப்பா ஐஸ் பாக்டரி மேஸ்திரி. அவள் குமரியாக இருந்தபோது ஐஸ் போட்ட தண்ணீரைக் குடத்தில் எடுத்துக்கொண்டு உச்சிவெயிலில் உப்பளத்துக்கு வருவாள். எல்லோரும் நிழலுக்கு ஒதுங்கிவிடும் அந்த நேரத்தில் நசாரியோ மட்டும் பாத்தியிலேயே நிற்பார். பெண் கேட்டுப் போகும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்று அந்தப் பருவம் முழுக்க இரண்டு ஆள் வேலையை ஒருவராகச் செய்துகொண்டிருந்தார். எர்மிலா வரப்பில் நின்று குவளையை நீட்டுவாள். "பாதி குடிங்க, பாதிய கண்ணுல அடிங்க," என்பாள். அவர் முழுவதையும் குடித்துவிடுவார். கண்ணில் அடித்தால் அந்த நேரத்துக்கு அவளைப் பார்க்க முடியாது.

ஒரு சனிக்கிழமை மாலை, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, அவள் வீட்டு முன்வாசலில் போய் நின்றார். மேஸ்திரி வெளியே வந்தார். கண்ணைப் பார்த்தார். "குடிகாரனுக்கு என் வீட்ல பொண்ணு இல்ல," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். நசாரியோ எதிர்வார்த்தை பேசாமல் திரும்பி நடந்தார். விளக்கம் சொல்லி நிரூபிக்கிற வேலையெல்லாம் அவருக்கு வராது.

மேஸ்திரி தன் பாக்டரியிலேயே மாப்பிள்ளை பார்த்தார். திபூர்சியோ என்று பெயர். இருட்டுக்குள்ளேயே வேலை. பால் மாதிரி வெளுத்த கண். அந்த வெளுத்த கண்ணோடே குடித்துக் குடித்து, மகள் ரெய்னா பேசப் பழகுவதற்குள் ஈரல் வெந்து செத்தும் போனான்.

நசாரியோ வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "எனக்கு வலை ஊஞ்சல்ல தனியா படுத்தாத்தான் தூக்கம் வரும்," என்றார்.

எர்மிலா அப்பாவின் அதே வீட்டில் இருந்தாள். பின்கட்டில் ஓலைக் கொட்டகை போட்டு, குடைந்த மரக்கட்டைகளை அடுக்கி, கொடுக்கில்லாத சின்னத் தேனீக்களை வளர்த்தாள். அந்தத் தேன் தண்ணீராக இருக்கும், லேசாகப் புளிக்கும். கண் எரிச்சலுக்கு ஒரு சொட்டு விடுவது அங்கே வழிவழியாக வந்த பழக்கம். பொழுது சாயும் நேரத்தில்தான் விடுவார்கள். விடுகிறவள் காசு வாங்கமாட்டாள். அந்தத் தேனீ இருக்கிற வீட்டில் பேரம் பேசக்கூடாது, சண்டை போடக்கூடாது. கேட்டுக்கொண்டே இருக்குமாம், மனசு நொந்தால் கூட்டத்தோடு கிளம்பிப் போய்விடுமாம்.

நசாரியோவுக்கு இதில் ஒன்றிலும் நம்பிக்கை இல்லை. ஆனாலும் பொழுது சாய்ந்தால் கால் அந்தப் பின்வாசல் படலைத் தள்ளிக்கொண்டு போய்விடும். கையில் ஒரு சுருக்குப் பையில் உப்பு. கொட்டகை நிழலில் ஒரு முக்காலி. அவர் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்ப்பார். எர்மிலா பின்னால் வந்து நிற்பாள்.

"இந்தத் தேன்ல ஒரு மண்ணும் இல்ல, எர்மிலா."

"தெரியுதுல்ல, அப்புறம் ஏன் வர்றீங்க?"

"நீ எவ்வளவு நாளைக்கு ஏமாத்துறன்னு பாக்கத்தான்."

"சதை கரையாது. அத நான் மொத நாளே சொல்லிட்டேன். எரிச்சல் மட்டுந்தான் அடங்கும். மேல பாருங்க."

மேலே பார்த்தால் அவள் முகம். தலைகீழாக, மூச்சுப் படும் தூரத்தில். நரைத்த முடி ஒன்று காதுக்குப் பின்னாலிருந்து நழுவித் தொங்கும். சோளம் வேகவைத்த சுண்ணாம்பு மணமும் விறகுப் புகை மணமும் கலந்த கட்டைவிரல் அவருடைய கீழிமையை மெல்ல இழுக்கும். அந்த ஒரு விரல் படுவதற்காகத்தான் நாள் முழுக்கப் பொழுது போகவேண்டியிருந்தது. சொட்டு விழும். உடனே எரியும். உலகம் மஞ்சளாகக் கலங்கும். முகம் போய்விடும். எத்தனை முறை இமைக்காமல் பிடித்துப் பார்த்தாலும் சொட்டு விழுந்ததும் முகம் போய்விடும்.

"மூடிக்கிட்டு அப்பிடியே இருங்க," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விடுவாள். அவர் கண்ணீர் வழிய முக்காலியில் உட்கார்ந்திருப்பார். கண்ணீருக்குத் தேனைக் காரணம் சொல்லிக்கொள்ளலாம்.

இத்தனை சாயங்காலங்களிலும் அவர் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்று. அன்றைக்கு உங்கப்பன் சொன்னதை நீயும் நம்பினாயா? அவ்வளவுதான். தலையைச் சாய்த்து, அவள் கைக்குள் கண்ணைக் கொடுத்துவிட்டு இருக்கும்போது கேட்டுவிடலாம் போலிருக்கும். பிறகு சொட்டு விழுந்துவிடும்.

அந்த மாதம் ரெய்னா வந்திருந்தாள். கான்கூன் நகரத்தில் அழகு நிலையம் வைத்திருக்கிறாள். மற்றவர்கள் இமையில் முடி ஒட்டுவதுதான் தொழில். அவளுடைய இமையே இரண்டு கறுப்பு வண்ணத்துப்பூச்சி மாதிரி அடித்துக்கொண்டது.

"என்ன மாமா, கண்ணு கோவைப்பழமா இருக்கு?"

"நீ மொதல்ல அந்தத் தொடப்பத்த அவுத்து வச்சிட்டுப் பாரு. சரியா தெரியும்."

ரெய்னா சிரித்தாள். "வாய் மட்டும் வெளுக்கவே இல்ல உங்களுக்கு. மாமா, சனிக்கிழம எங்கம்மாவோட பேர்ப்புனிதர் நாள், அவங்க பேரு வச்ச புனிதரோட திருநாள். வான்கோழி செய்யறோம், கறுப்பு மசாலாப் போட்டு. அம்மா உங்களயும் வரச் சொன்னாங்க."

"கொட்டாய்க்கா?"

"கொட்டாயில என்ன இருக்கு? வீட்டுக்குத்தான். முன்வாசல் வழியா, மனுசங்க மாதிரி."

அவள் எதைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. சனிக்கிழமை. அதே முன்வாசல்.

ரெய்னா கைப்பையைத் துழாவி ஒரு சின்னப் புட்டியை எடுத்தாள். "இந்தாங்க. எங்கிட்ட வர்ற கல்யாணப் பொண்ணுங்களுக்கெல்லாம் இதான். அழுது அழுது வந்து நிப்பாளுங்க. ஒரு சொட்டு விட்டா கொஞ்ச நேரத்துல முட்ட மாதிரி வெளுத்துடும்."

"எவன் கண்ணுல விட்டுப் பாத்தானோ."

"வேணாம்னா குடுங்க."

அவர் அதற்குள் புட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டிருந்தார்.

சனிக்கிழமை மாலை கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கண்ணிலும் விட்டார். முதல் சொட்டு மீசையில் விழுந்தது. அடுத்தது கண்ணுக்குள் குளிர்ந்தது, தேனைப் போல எரியவில்லை. எரியாத மருந்தை நம்பக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தார். கோடு கோடாகச் சிவப்பு பின்வாங்கிப் போயிற்று. சதைச் சிறகுகூட நிறம் செத்து, ஓரமாக ஒடுங்கின மாதிரி இருந்தது. கண்ணாடிக்குள் ஒரு வெள்ளை விழிக்காரர் நின்றார். நசாரியோ கொஞ்ச நேரம் அந்த ஆளையே பார்த்தார். இந்தக் கண்ணோடு அன்றைக்குப் போயிருந்தால், அந்த வீட்டுக் கூடத்தில் இரண்டு வலை ஊஞ்சல் பக்கத்துப் பக்கத்தில் தொங்கியிருக்கும். ரெய்னாவுக்கு வேறு மூக்கு இருந்திருக்கும். பொழுது சாய்வதற்காகக் காத்திருந்த நாட்கள் எல்லாம் இருந்திருக்காது.

சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். பாத்தி மேல் ஆடையாகப் படியும் உப்புப் பூவை, இன்னும் அங்கே வேலை பார்க்கிறவர்களிடம் கேட்டு வாங்கி, துணியில் முடிந்து எடுத்துக்கொண்டார். வழியில் பஸ் ஓட்டுகிறவன் வண்டியை மெதுவாக்கித் தலையை நீட்டினான். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனான். அவன் வாயை அடைத்ததற்காகவே அந்தப் புட்டிக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றலாம் என்று தோன்றியது.

முன்வாசல் கதவுக்குப் புதுசாக நீலம் அடித்திருந்தார்கள். கதவு அதே கதவு. தட்டினார்.

எர்மிலாதான் திறந்தாள். பூவேலை செய்த வெள்ளை உடுப்பு, காதில் தங்கத் தோடு. முதலில் சிரித்தாள். பிறகு இந்த ஊர்ப் பெண்கள் வாசலில் நின்று செய்வதைச் செய்தாள். கண்ணைப் பார்த்தாள்.

சிரிப்பு நின்றது. நசாரியோ அதற்கு முன் அந்த முகத்தில் பார்த்தே இராத ஒரு களைப்பு வந்து உட்கார்ந்தது. அவள் கை மெல்ல எழுந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது. குறுக்கே.

"எங்க குடிச்சீங்க?"

"என்னது?"

"நீங்களுமா, நசாரியோ?"

"நான் எங்கடி... எர்மிலா, கண்ணப் பாரு. வெள்ளையா இருக்கு பாரு."

"அதத்தான் பாத்துட்டிருக்கேன். பையில என்ன இருக்கு? எடுங்க."

அவர் புட்டியை எடுத்தார். செத்த எலியைப் பார்ப்பதுபோல அவள் அதைப் பார்த்தாள். குரல் உயரப் போன இடத்தில் சட்டென்று அடக்கிக்கொண்டாள்.

"இங்க வேணாம். தெருவுக்கு வாங்க. தேனீங்க காதுல விழும்."

இருவரும் தெருவைத் தாண்டி எதிர்ச்சாரி வாதுமை மரத்தடியில் போய் நின்றார்கள். அங்கே நின்றும் அவள் கிசுகிசுப்பாகத்தான் சண்டை போட்டாள்.

"திபூர்சியோ சட்டையில எப்பவும் இந்த மாதிரி ஒண்ணு இருக்கும். ஐஸ் பாக்டரி ஆளுங்க எல்லார்கிட்டயும் இருக்கும். கூலி நாள்ல குடிச்சுட்டு, தெருமுனையில நின்னு கண்ணுல விட்டுக்கிட்டு, புதுமாப்பிள்ள மாதிரி வெளுத்த கண்ணோட வாசல்ல வந்து நிப்பான். நானும் பாத்துட்டு வழிவிடுவேன். பச்சப் புள்ளய மேல போட்டுக்கிட்டு அவன் விழுந்த அன்னிக்குத்தான் சட்டையத் துவைக்கப் போட்டு எடுத்தேன் புட்டிய. இது விட்டா மறுநா காலையில முன்னவிட அதிகமாச் சிவக்கும். மறுபடி விடணும். அதுக்கப்புறம் இது இல்லாம அவன் கண்ணே கிடையாது."

"நான் குடிக்கல."

"குடிக்காதவருக்கு இது எதுக்கு?"

நசாரியோ உப்பு முடிச்சைக் கை மாற்றிக்கொண்டார்.

"ஒன் வீட்டு வாசல்ல ஒரு தடவயாவது வெளுத்த கண்ணோட நிக்கணும்னு," என்றார். "உங்கப்பன் என்னைச் செவந்த கண்ணோடதான் பாத்தான். நீயும் அப்பிடியே நினைச்சுட்டு இருக்கக்கூடாதுன்னு."

எர்மிலா எதிர்ச்சுவரில் ஓடிய ஓணானைப் பார்த்தாள். கோபம் இறங்கிக்கொண்டிருந்தது, ஆனால் அதனிடத்தில் வந்ததும் இலகுவானதாக இல்லை.

"அன்னிக்கு நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன்," என்றாள். "அது உப்புச் செவப்புப்பா, மூக்கோரத்துல பாருங்க, தினம் மத்தியானம் நாந்தான தண்ணி குடுக்குறேன்னு சொன்னேன். கேக்கல. மத்தியானம் நீ எவன் கண்ணப் பாத்துட்டு நின்னேன்னு ஒண்ணு வச்சாரு கன்னத்துல."

நசாரியோ அவளையே பார்த்தார்.

"அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் பின்வாசல் வழியா ஓடி வந்தேன், அதோ அந்த முனை வரைக்கும். நீங்க போய்க்கிட்டே இருந்தீங்க. நானும் நின்னு நின்னு பாத்தேன். ஒரு தடவ திரும்புவீங்கன்னு. நடக்க ஆரம்பிச்சா உங்களுக்குக் கழுத்தே கிடையாதே."

சன்னலில் ரெய்னாவின் வண்ணத்துப்பூச்சிகள் இரண்டும் அடித்துக்கொண்டன. "அம்மா, கறி ஆறுது," என்றாள்.

"மூடி வை," என்றாள் எர்மிலா திரும்பாமலே. பிறகு இவரிடம், "இந்தக் கண்ணோட என் வாசப்படி ஏற முடியாது. இது தெளிஞ்சு பழையபடி செவக்கட்டும், அப்புறம் வாங்க. சாப்பாடு எடுத்து வைக்கிறேன். போய் கொதிச்சு ஆறின தண்ணியில கழுவுங்க. கையால தேய்க்காதீங்க."

"அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஆகுற நேரம் ஆகும். இவ்வளவு வருசம் இருந்தீங்கல்ல."

அவள் கையை நீட்டினாள். அவர் உப்பு முடிச்சைக் கொடுத்தார். அவள் அதை வாங்காமல், மற்றக் கையிலிருந்த புட்டியை வாங்கிக்கொண்டாள். அப்புறம்தான் உப்பையும் வாங்கினாள். கட்டைவிரல் உள்ளங்கையில் ஒரு நொடி பட்டது. தெருவைக் கடந்து அவள் போனாளா, மரத்தடியிலேயே நின்றாளா என்று நசாரியோ பார்க்கவில்லை. அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தார்.

சொல்லிவிட்டாள். ஜனங்களுக்கு என்ன, எதை வேண்டுமானாலும் சொல்லுவார்கள். கதவுக்குப் பின்னால் நின்றாளாம். அப்பனை எதிர்த்துப் பேசினாளாம். அந்த மனுசன் முன்னால் பாக்டரியே வாயைத் திறக்காது. கிழவன் முகம் வாடினதைப் பார்த்துவிட்டு, எரிகிற கண்ணுக்குத் தேன் விடுகிற மாதிரி, வாயில் வந்ததை ஒரு சொட்டு விட்டிருப்பாள். தேனிலும் ஒன்றும் இல்லை, அவளே ஒப்புக்கொண்டவள்தானே.

அந்த முனை நெருங்கியது. திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். இன்றைக்கு அவள் நின்றுகொண்டிருந்தால் அன்றைக்கும் நின்றிருப்பாள். தெரு காலியாக இருந்தால் அன்றைக்கும் காலிதான். நசாரியோவுக்குப் பின்கழுத்து கூசியது. கண் கலங்கிக்கொண்டு வந்தது, இத்தனைக்கும் யாரும் தேன் விடவில்லை. மருந்து சரியில்லை என்று சொல்லிக்கொண்டார். எரியாத மருந்தை அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

திரும்பாமலே முனையைக் கடந்தார். வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கொதிக்க வைக்க வேண்டும்.